போட்டி மேடையிலிருந்து முதல் வாடிக்கையாளர் வரை: பாதுகாப்புத் தொழில்நுட்பத்தில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட்டில் உள்ள ஓர் இரசாயன ஆலைக்கு, அதன் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள் அந்நியர் நுழைவதைக் கண்டறியும் கருவி ஒன்றை விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி நன்றாக வேலை செய்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆலையின் மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை வேறு எங்கே போட்டிருக்கிறீர்கள்?" நேற்றுத் தொடங்கிய நிறுவனத்திடம் இதற்குப் பதில் இருக்காது. பில் போடும் மென்பொருளாக இருந்தால், சரிப்படவில்லை என்றால் ஒரு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் வாங்கிப் பார்க்கக்கூடும். பாதுகாப்புக் கருவி அப்படியன்று. அதை வாங்குவது, வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதற்கு ஒப்பானது.

இந்தத் துறையில் புத்தொழில் போட்டிகளுக்கு மற்றத் துறைகளைவிட அதிக மதிப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான். பரிசுத் தொகை இரண்டாம் பட்சம். வங்கிகளிலும் மின் நிலையங்களிலும் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்கள், உங்கள் பொருளைத் தாமே சோதித்து, குறுக்குக் கேள்வி கேட்டு, பொதுவில் ஒரு தீர்ப்பு சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்புதான் மேலாளரின் கேள்விக்கு நீங்கள் வைக்கக்கூடிய முதல் பதில். ஆகவே, நடுவர் மேசையில் யார் அமர்ந்திருக்கிறார்கள், முடிவு அறிவித்த பிறகு என்ன நடக்கும் என்ற இரண்டையும் பார்த்தே ஒரு போட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லூரி முடித்துவிட்டு இத்துறையில் இறங்கும் இளைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் போட்டி எதற்கு என்று பிரித்தறிதல்

புதியவர்கள் பெரும்பாலும் நான்கு வெவ்வேறு வகைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 'கேப்சர் தி ஃபிளாக்' எனப்படும் சிடிஎஃப் போட்டிகள், தனிமனிதரின் ஊடுருவல் திறனையும் தற்காப்புத் திறனையும் சோதிப்பவை. அவற்றில் வென்றால் நல்ல வேலை கிடைக்கும், நல்ல கூட்டாளிகள் கிடைப்பார்கள், ஆனால் உங்கள் நிறுவனத்தின் பொருளுக்கு அதனால் நேரடியாக எதுவும் நடக்காது. ஹேக்கத்தான் என்பது ஓரிரு நாளில் ஒரு முன்மாதிரியை உருவாக்கும் பயிற்சி. 2017 முதல் நடந்துவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இவ்வகையில் மாணவர்களுக்கு நல்ல தொடக்கம்.

மூன்றாவது வகை, பல மாதங்கள் நீளும் படிநிலைச் சவால். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் இந்தியத் தரவுப் பாதுகாப்புக் கழகமும் சேர்ந்து 2020 ஜனவரியில் தொடங்கிய 'சைபர் செக்யூரிட்டி கிராண்ட் சேலஞ்ச்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அப்போது மொத்தப் பரிசுத் தொகை 3.2 கோடி ரூபாய். அதை ஒரே நாளில் ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. யோசனைக் கட்டத்தில் தேர்வான 12 அணிகளுக்குத் தலா 5 லட்சம், குறைந்தபட்சப் பயன்பாட்டு வடிவத்தை உருவாக்கிக் காட்டும் கட்டத்தில் 6 அணிகளுக்குத் தலா 10 லட்சம், இறுதியில் மூன்று அணிகளுக்கு 1 கோடி, 60 லட்சம், 40 லட்சம் எனப் பிரிக்கப்பட்டது. உருவாக்கிய பொருளின் அறிவுசார் சொத்துரிமை அந்தந்த நிறுவனத்திடமே இருக்கும் என்பது விதி. இடையில் வெளியேறிய அணிகூட, கையில் பணத்தோடும் திருந்திய பொருளோடும் வெளியேறியது. புதிய நிறுவனத்துக்கு எந்த அமைப்பு ஏற்றது என்று கேட்டால், நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

நான்காவது, சில நிமிடங்களில் மேடையில் எடுத்துரைக்கும் பிட்ச் போட்டி. அமெரிக்காவின் ஆர்எஸ்ஏ இணையப் பாதுகாப்பு மாநாட்டில் 2005 முதல் நடைபெறும் 'இன்னோவேஷன் சாண்ட்பாக்ஸ்' இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. இறுதிச் சுற்றுக்கு 10 நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம், அதன்பின் நடுவர்களின் கேள்விகள். 2021இல் அதில் வென்றது அப்பீரோ என்ற நிறுவனம். அதே ஆண்டு இறுதிப் பத்தில் நின்று, வெல்லாமல் திரும்பிய நிறுவனங்களில் ஒன்று விஸ். அதை 3,200 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கூகுள் 2025 மார்ச்சில் அறிவித்தது. தோற்றதால் வளர்ந்தது என்றோ, மேடை ஏறியதால்தான் வளர்ந்தது என்றோ யாரும் சொல்ல முடியாது. ஆனால் பத்தில் ஒன்றாக நிற்பதற்கே சந்தையில் ஒரு விலை உண்டு, முதலிடத்தை மட்டும் குறிவைத்து மனம் புழுங்க வேண்டியதில்லை என்பது மட்டும் உறுதி.

இவற்றோடு பாதுகாப்புப் படைகளுக்கான 'ஐடெக்ஸ்' திட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018 ஏப்ரலில், நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே உள்ள திருவிடந்தையில் நடந்த டெஃப்எக்ஸ்போ கண்காட்சியின்போது அது தொடங்கி வைக்கப்பட்டது. படைகள் தமக்குத் தேவையான சிக்கலைத் தாமே எழுதி வெளியிடும். தீர்வு சொல்லி வெல்லும் நிறுவனத்துக்கு அடிப்படைப் பிரிவில் 1.5 கோடி ரூபாய் வரை மானியம் கிடைக்கும். ஆளில்லா விமானத்தைத் தடுக்கும் கருவி, கடலோரக் கண்காணிப்பு, பாதுகாப்பான தகவல்தொடர்பு போன்றவற்றில் இருப்போர் இதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. பிரான்சின் லீல் நகரில் ஆண்டுதோறும் கூடும் 'ஃபோரம் இன்சைபர்' மாநாட்டில் புத்தொழில் நிறுவனங்களுக்குத் தனிப் பரிசு உண்டு. அங்கே பிரெஞ்சு மொழியிலேயே பேச வருவது சின்னச் சாதகம் அன்று.

இரண்டாம் படி: பதிவும் முகவரியும்

இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் பலரை முதல் சல்லடையிலேயே வெளியேற்றுவது இதுதான். பெரும்பாலான அரசுப் போட்டிகள், தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் புத்தொழில் அங்கீகாரத்தைக் கேட்கின்றன. தனிநபர் உரிமை நிறுவனத்துக்கு அது கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை, பதிவு செய்யப்பட்ட கூட்டாண்மை போன்ற வடிவங்களில் ஒன்றாக நீங்கள் இருக்க வேண்டும். இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பெருந்தொகை கேட்கும் இடைத்தரகரை நாடுவதற்கு முன் அந்தப் படிவத்தை ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.

முகவரியையும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். கடலூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது, அதோடு தகுதியும் மாறிவிடுகிறது. தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் வழங்கும் 'டான்சீட்' ஆதார நிதி, தமிழ்நாட்டில் பதிவு செய்த நிறுவனங்களுக்கானது. புதுச்சேரி முகவரியில் பதிவு செய்துவிட்டு, வேலை முழுவதும் கடலூரில்தான் நடக்கிறது என்று வாதிட்டுப் பயனில்லை. புதுச்சேரிப் பக்கம் பதிவு செய்வோருக்குக் காலாப்பட்டை ஒட்டிய பிள்ளைச்சாவடியில், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள, புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் அடல் இன்குபேஷன் மையம் கைகொடுக்கக்கூடும். இரு பக்கமும் அலைவதற்கு முன்பு, அடுத்த ஈராண்டில் எந்தெந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பிப்போம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முகவரியை முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: மேடை ஏறுமுன் காப்புரிமை

புதிய முறையைக் கண்டுபிடித்துவிட்டு, விண்ணப்பம் போடாமல் அதை மேடையில் விளக்கிவிட்டால், அது பொதுவில் வெளியான செய்தியாகிவிடும். பின்னர் காப்புரிமை கோரும்போது உங்கள் பேச்சே உங்களுக்கு எதிராக நிற்கும். தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிந்துவிட்டு மேடை ஏறினால், முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு. ஆனால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலை அந்த அளவிலேயே கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. கருவியோடு இணைந்த தொழில்நுட்ப விளைவு இருந்தால் வழி உண்டு. வெறும் நிரலாக இருந்தால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற கட்டுப்பாடுதான் உங்கள் காவல்.

நான்காம் படி: விண்ணப்பத்தில் எண்களை வைத்தல்

விண்ணப்பத்தின் முதல் பத்தியில் செயற்கை நுண்ணறிவு, அடுத்த தலைமுறை, முழுமையான பாதுகாப்பு என்று எழுதியிருந்தால், படிப்பவர் அதை ஏற்கெனவே ஐம்பது முறை படித்திருப்பார். யாருக்கு, எந்த இடத்தில், எந்த ஆபத்து என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "சிறிய இரசாயன ஆலைகளில், இயந்திரப் பராமரிப்புக்காக வெளியாட்கள் தொலைவிலிருந்து இணையும் வழியை யாரும் கண்காணிப்பதில்லை, அந்த இணைப்பை நாங்கள் பதிவு செய்து, வழக்கத்துக்கு மாறான கட்டளை வந்தால் நிறுத்துகிறோம்." இந்த அளவு போதும்.

அடுத்து, நடுவர்கள் உண்மையில் தேடுவது தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையை. இதைப் புதியவர்கள் ஏறத்தாழ எல்லோரும் தவறவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். "எங்கள் கருவி 99 விழுக்காடு துல்லியமானது" என்று எழுதியிருக்கிறீர்கள். நடுத்தர அளவிலான ஓர் ஆலையின் வலையமைப்பில் ஒரு நாளைக்கு 10 லட்சம் நிகழ்வுகள் பதிவாகின்றன என்று கொள்வோம். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இயல்பானவை. ஒரு விழுக்காட்டைத் தவறாகச் சந்தேகித்தாலும் நாளைக்கு 10,000 எச்சரிக்கைகள் வரும். இரவுப் பணியில் இருக்கும் ஒற்றை ஆள் நூறைக்கூடப் பார்த்து முடிக்க மாட்டார். மூன்றாம் நாள் ஒலியை அணைத்துவிடுவார். நாலாம் நாள் உண்மையான ஊடுருவல் நடந்தாலும் தெரியாது. எனவே விழுக்காட்டை விட்டுவிட்டு, ஓர் ஆள் ஒரு பணிநேரத்தில் பார்க்க வேண்டிய எச்சரிக்கைகள் எத்தனை, அவற்றில் உண்மையானவை எத்தனை, எவ்வளவு நாள் சோதித்தீர்கள், சோதனைக்கான தரவு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. எப்படி அளந்தீர்கள் என்று நேர்மையாக எழுதியவரை நடுவர்கள் இறுதிச் சுற்றுக்கு அழைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கருவியைப் பொருத்த எவ்வளவு நேரம் ஆகும், அதற்காக ஆலையை நிறுத்த வேண்டுமா, தரவு வளாகத்தை விட்டு வெளியே போகுமா என்பவற்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கட்டும். கண்காணிப்புக் கேமரா விற்பவர்களுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியச் சந்தையில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். வன்பொருள், உள்மென்பொருள், மூலநிரல் வரை சோதனைக்கு உட்படும். அந்தச் சோதனையில் நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் கேட்காமல் நடுவர் விடமாட்டார்.

ஐந்தாம் படி: டெமோவும் சட்டமும்

நேரடிச் செயல்விளக்கத்தில் ஆர்வக்கோளாறு ஆபத்தானது. போட்டி நடத்துபவரின் இணையதளத்தையோ நடுவரின் நிறுவனத்தையோ அனுமதியின்றித் துழாவி, "பாருங்கள், உங்கள் கதவு திறந்திருக்கிறது" என்று மேடையில் காட்டுவது கைதட்டல் பெறும் என்று சிலர் நினைக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 ஆகிய பிரிவுகள் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்குகின்றன. நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது அங்கே எடுபடும் என்று நம்பியிருக்க முடியாது. உங்கள் சொந்தச் சோதனைக் களத்தை இரண்டு பழைய மடிக்கணினிகளிலும் ஒரு சிறிய ரவுட்டரிலும் அமைத்து, தாக்குதலையும் தற்காப்பையும் அதற்குள்ளேயே நடத்திக் காட்டுங்கள். வாடிக்கையாளரின் உண்மையான பதிவுகளைத் திரையில் காட்டாதீர்கள். அவற்றில் ஒரு பெயரோ கைபேசி எண்ணோ தென்பட்டால், 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறித்த கேள்வியிலேயே உங்கள் நேரம் முடிந்துவிடும்.

ஒருமுறை நாங்கள் மண்டபத்தின் விருந்தினர் வைஃபையை நம்பிப் போனோம். எங்கள் கருவி அனுப்பிய சோதனைப் போக்குவரத்தை மண்டபத்தின் ஃபயர்வால் தாக்குதல் என்று எண்ணி, இணைப்பையே துண்டித்துவிட்டது. ஒருவகையில் அது எங்கள் துறைக்குக் கிடைத்த பாராட்டுதான், மதிப்பெண்தான் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இணையமே இல்லாமல் ஓடும் ஒரு வடிவமும், இரண்டு நிமிடக் காணொளி ஒன்றும் பெட்டியில் எப்போதும் இருக்கின்றன.

ஆறாம் படி: நடுவர்களின் கேள்விகள்

மற்றத் துறைகளில் சந்தை எவ்வளவு பெரியது என்று முதலில் கேட்பார்கள். இங்கே முதல் கேள்வி, "உங்கள் பொருளையே ஒருவன் தாக்கினால்?" என்பதாக இருக்கும். பாதுகாப்புக் கருவிக்குக் கணினியின் ஆழம் வரை அனுமதி இருப்பதால், அதன் பிழையும் ஆழத்தில் போய்த்தான் அடிக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பிழையான ஒரு புதுப்பிப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்க நேர்ந்தது. அதன்பின் எந்த நடுவரும் கேட்கும் கேள்வி: புதுப்பிப்பை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்புகிறீர்களா, படிப்படியாக அனுப்புகிறீர்களா, கெட்டுப்போனால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவீர்கள்? இதற்குப் பதிலை மனப்பாடமாகச் சொன்னால் போதாது. போன வாரம் நீங்களே வேண்டுமென்று ஒரு பிழையான புதுப்பிப்பை அனுப்பி, எத்தனை நிமிடத்தில் மீட்டீர்கள் என்று சொல்ல முடிந்தால் அந்த அறை அமைதியாகக் கேட்கும்.

நீங்கள் பயன்படுத்தும் திறந்தமூல நிரல்களின் பட்டியல், உங்கள் பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பவர் எழுத வேண்டிய மின்னஞ்சல் முகவரி, ஊழியர் விலகினால் அவருடைய அணுகலை எத்தனை மணி நேரத்தில் நீக்குவீர்கள் என்ற நடைமுறை ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது, சோதித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுதுகிறேன் என்று சொல்லி, அந்த வெள்ளிக்கிழமை எழுதுங்கள். நடுவரோடு தொடர்பு தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கடிதத்தில்தான்.

ஏழாம் படி: நிபந்தனைகளைப் படித்தல்

பரிசு என்ற சொல்லுக்குள் மானியம், முதலீடு, கடன், மேகக் கணினிச் சேவைக்கான சலுகைப் புள்ளிகள் என எதுவும் ஒளிந்திருக்கலாம். ஆர்எஸ்ஏ போட்டியில் 2025 முதல் இறுதிப் பத்து நிறுவனங்களுக்கும் தலா 50 லட்சம் டாலர் கிடைக்கிறது. ஆனால் அது முதலீடு, பின்னாளில் பங்காக மாறக்கூடியது. ஐடெக்ஸ் மானியம் வேலை முடிய முடியத் தவணையாக வரும், உங்கள் பங்காக ஈடுதொகையும் போட வேண்டும். அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று தெரியாமல் வெற்றியைக் கொண்டாடக் கூடாது. பொருளின் உரிமையைப் போட்டி நடத்துபவருக்கு மாற்றும் நிபந்தனை, அவருடைய போட்டியாளருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஆகிய இரண்டில் ஒன்று இருந்தாலும் வழக்குரைஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பரிசுத் தொகைக்கான வரியை ஆடிட்டரிடம் அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: முடிவுக்குப் பிந்தைய முப்பது நாட்கள்

கேடயத்தோடு எடுத்த படத்தைப் பகிர்ந்துவிட்டு அடுத்த போட்டிக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் நிறைய உண்டு. ஓராண்டில் பத்து மேடை ஏறி, ஒரு வாடிக்கையாளரும் இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று போட்டிகள் போதும் என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் சேவை மென்பொருள் செய்யும் ஃபிரெஷ்வொர்க்ஸ், பாதுகாப்பு நிறுவனம் அன்று என்றாலும், நம் பக்கத்து எடுத்துக்காட்டு என்பதால் சொல்கிறேன். ஃபிரெஷ்டெஸ்க் என்ற பெயரில் சென்னையில் சிறியதாக இருந்தபோது, 2011இல் மைக்ரோசாஃப்டின் பிஸ்பார்க் போட்டியில் 40,000 டாலர் வென்றது. அந்த ஆண்டே முதல் முதலீட்டையும் பெற்றது.

முடிவு வந்த வாரத்திலேயே நடுவர்கள், பார்வையாளர்கள், உடன் போட்டியிட்டவர்கள் என எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நடுவரிடம் நேரடியாக விற்க முயலாமல், முப்பது நாள் முன்னோட்டம் ஒன்றுக்கு இடம் கேளுங்கள். முன்னோட்டத்துக்கு ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: எத்தனை கணினிகள், எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடியும், எந்த எண்ணை எட்டினால் வாங்குவார்கள், முடிந்ததும் தரவை யார் அழிப்பது. சிறிய தொகையாவது வாங்குங்கள். இலவசமாகப் போட்ட கருவியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று, இத்தகைய சம்பவங்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டிருக்கிறது. உங்கள் கருவி அந்த ஆணையை நிறைவேற்ற உதவும் என்றால், ஆலை மேலாளரிடம் அதை முதல் வரியாகச் சொல்லலாம். அரசு அலுவலகங்களுக்கு விற்க நினைத்தால், அரசின் இணையவழிக் கொள்முதல் சந்தையான ஜெம் தளத்தில் பதியுங்கள். தரமும் தொழில்நுட்பத் தேவையும் நிறைவேறுமானால், முன் அனுபவம், முந்தைய விற்றுமுதல் ஆகியவற்றில் புத்தொழில் நிறுவனங்களுக்குத் தளர்வு அளிக்க அரசுக் கொள்முதல் விதிகள் இடம் தருகின்றன.

முன்னோட்டம் முடிந்ததும், நன்றாக இருந்தது என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். அந்த நிறுவனத்தின் தலைப்புத் தாளில், எத்தனை கணினிகளில், எத்தனை நாள், எத்தனை எச்சரிக்கைகள், அவற்றில் எத்தனை உண்மை என்று குறிப்பிட்டு, பொறுப்பான அதிகாரி கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்குங்கள். அடுத்த வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டால் பேசச் சம்மதமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதித்தால், சிப்காட் மேலாளரைப் பார்க்கப் போகும்போது கேடயத்தை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு அந்தக் கடிதத்தை எடுத்துச் செல்லுங்கள்.